ஞாயிறு, பதினொன்று இருபது

அத்தியாயம் 14

பிடிவாதத்தில் அந்த வீட்டு முன்னறைக் கம்ப்யூட்டருக்கு ஈடு அந்த வீட்டு மூத்த மகள் பெரியவள் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே கால் மணிக்கு இரண்டும் நேருக்கு நேர் உட்கார்ந்திருந்தன. திரையின் மூலையில் வைஃபை குறியின் மேல் ஒரு சின்னச் சிவப்புப் பெருக்கல் குறி. இன்றோடு மூன்று ஞாயிறாக அது அங்கேயே குடியிருந்தது.

இந்தக் குடும்பத்தோடு கூடவே வருகிறவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்குத்தான் வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா பேருந்துப் பணிமனையில் பிரேக் பரிசோதகராக இருந்தவர். ஒரு அவசரக் காலையில் வண்டியைப் பார்க்காமலேயே ‘பார்த்தாயிற்று’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்த வண்டி இறக்கத்தில் நிற்கவில்லை. இரண்டு உயிர் போயிற்று. நாலு வருடத் தண்டனையில் இப்போதுதான் ஒரு வருடம் முடிந்திருக்கிறது. சிறை வெகு தூரம். அதனால் ஞாயிறுதோறும் பதினொன்று இருபதிலிருந்து பதினொன்று நாற்பது வரை திரையில் முகம் பார்த்துப் பேசிக்கொள்ள அனுமதி கொடுத்திருந்தார்கள்.

இருபது நிமிடத்துக்கு இருபது சட்டம். பதிவு செய்த கம்ப்யூட்டராக இருக்க வேண்டும், பதிவு செய்த வீட்டு இணைப்பாகவும் இருக்க வேண்டும். போனில் பேசலாமா என்றால் கூடாது. வேறு இணைப்பில் வரலாமா என்றால் அதுவும் கூடாது.

இன்றையும் சேர்த்தால் ஐந்து ஞாயிறாக அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. முதல் இரண்டு ஞாயிறு அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் முறைவேலை, பெரியவளுக்கு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. தம்பி சின்னவன் மட்டும்தான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். அடுத்த இரண்டு ஞாயிறு எல்லாரும் உட்கார்ந்தார்கள், இணைப்புதான் வரவில்லை. புதன்கிழமை சிறையிலிருந்து கடிதம் வந்தது. ‘தொடர்ந்து இரண்டு வாரம் நீங்கள் வரவில்லை. மூன்றாவது வாரமும் வராவிட்டால் அனுமதி ரத்தாகும். மீண்டும் விண்ணப்பிக்க ஆறு மாதம் ஆகும்.’

“நாம எங்கடி வராம இருந்தோம்?” என்று அம்மா அந்தக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இங்கதானே கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தோம்?”

இன்றைக்கு அம்மா கூட வேலை பார்க்கிற ஒருத்தியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி வேலை முறையை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். தலை சீவி, முகம் கழுவி, நாற்காலியை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் போட்டு ஒன்பது மணிக்கே தயார். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை அதே கேள்வி.

“வந்துருச்சாடி?”

“வந்தா சொல்ல மாட்டேனாம்மா?”

“கேட்டா ஏன் எரிஞ்சு விழறே?”

பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

நியாயமாகப் பார்த்தால் இது சின்னவன் செய்ய வேண்டிய வேலை. போன் ரிப்பேர் கடையில் ஒரு நாளைக்கு முப்பது போனைப் பிரித்து மாட்டுகிறவன். ஆனால் அவன் இரண்டு வாரமாக ஒரே பாட்டுத்தான் பாடிக்கொண்டிருந்தான். “டாங்கிள் செத்துப் போச்சுக்கா. ஆர்டர் போட்டிருக்கேன். வர்றப்பதான் வரும்.” கம்ப்யூட்டரின் பின்பக்கம் செருகியிருக்கும் வைஃபையைப் பிடித்துக் கொடுக்கும் கட்டைவிரல் நீள டாங்கிளைத்தான் சொன்னான். வயர் போட்டு இணைக்கலாம் என்றால், வயர் செருகும் துளை போன வருடத்து இடியிலேயே கருகிவிட்டது. இன்றைக்கும் அரை நாள் கடை இருக்கிறது, பதினோரு மணிக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

பெரியவளுக்குக் கம்ப்யூட்டர் வேலை தெரியாது. ஆனால் தப்பைத் தேடத் தெரியும். லேபில் ஒரு ரிசல்ட் கோணலாக வந்தால் யாரும் குய்யோ முறையோ என்று கத்த மாட்டார்கள். குழாயை மாற்று, மறுபடி ஓட்டு. மருந்தை மாற்று, மறுபடி ஓட்டு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், மாற்றியதை எழுதி வைக்க வேண்டும். அவள் சிறைக் கடிதம் வந்த உறையை எடுத்துப் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள்.

ஒன்று, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். சிவப்புக் குறி போகவில்லை.

இரண்டு, வீட்டு வைஃபையின் பெயரை அழித்துவிட்டுப் புதிதாகப் பாஸ்வேர்ட் கொடுத்தாள். அந்தப் பாஸ்வேர்ட் அப்பாவின் கைதி எண். கேட்பவர்களுக்கு என்னவோ போல இருக்கும். ஆனால் ஒரு வருடமாக எந்தப் படிவத்தை எடுத்தாலும் முதலில் அந்த ஆறு இலக்கத்தைத்தான் எழுத வேண்டியிருந்தது. வீட்டில் மூன்று பேருக்கும் மறக்கவே முடியாத எண் அது ஒன்றுதான். போன் பூட்டு, பேங்க் அட்டை, வைஃபை எல்லாவற்றுக்கும் அதையே வைத்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் எண்ணை வாங்கிக்கொண்டது, ஒரு சுற்றுச் சுற்றியது, ‘இணைக்க முடியவில்லை’ என்று சொல்லிவிட்டது.

மூன்று, டாங்கிளைப் பிடுங்கித் துடைத்து வேறு துளையில் செருகினாள். அதே கதைதான்.

நான்காவதாகத்தான் அது நடந்தது. தன் போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுவிட்டு, கம்ப்யூட்டரை அதோடு சேர்த்துப் பார்த்தாள். மூன்றே நொடியில் சேர்ந்துகொண்டது. வானிலைப் பக்கம் திறந்து ‘இன்று நாள் முழுவதும் மேகமூட்டம்’ என்றது.

“வந்துருச்சா?” என்றாள் அம்மா, அந்தப் பக்கத்தின் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு.

“இதுல பேச முடியாதும்மா. இது என் போன் நெட்டு.”

“பின்ன எதுக்கு அதைப் போட்டே?”

“சும்மா... பார்க்கறதுக்கு.”

டாங்கிள் சாகவில்லை. நன்றாக உயிரோடு இருக்கிறது. தினமும் முப்பது போனைப் பிரிப்பவனுக்கு, அவள் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்தது தெரியாமலா போயிருக்கும்? போன ஞாயிறு கையில் ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் கம்ப்யூட்டருக்குப் பின்னால் மண்டியிட்டிருந்தானே, அப்போது என்னதான் செய்துகொண்டிருந்தான்?

‘டாங்கிள் நல்லது’ என்று எழுதினாள்.

வைஃபை பெட்டி பின்னறையில், சின்னவன் கட்டிலுக்கு மேலே இருந்தது. அணைத்து, முப்பது எண்ணி, மறுபடி போட்டாள். நாலு விளக்கும் பச்சையாக எரிந்தன. அவள் போன் ஏறிக்கொண்டது, அம்மாவின் போனும் ஏறிக்கொண்டது. கம்ப்யூட்டர் மட்டும் ஏறவில்லை.

வீட்டு நெட்டும் நல்லது, டாங்கிளும் நல்லது. இரண்டும் நல்லதாக இருந்து ஒன்றோடு ஒன்று பேசவில்லை என்றால், நடுவில் யாரோ பேசாதே என்று சொல்லியிருக்க வேண்டும்.

பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த விலாசத்தைப் போனில் அடித்தாள். பெட்டியின் அமைப்புப் பக்கம் திறந்து பாஸ்வேர்ட் கேட்டது. ஒட்டியிருந்த பாஸ்வேர்டைக் கொடுத்தால் தவறு என்றது. யாரோ மாற்றியிருக்கிறார்கள். அவள் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு அப்பாவின் எண்ணை அடித்தாள்.

திறந்துகொண்டது.

உள்ளே வீட்டிலிருக்கும் சாமான்களின் பட்டியல். அம்மா போன். அக்கா போன். என் போன். முன்னறைக் கம்ப்யூட்டர். கடைசிப் பெயருக்கு எதிரே மட்டும் ‘தடை’ என்று இருந்தது.

மணி பதினொன்று பதினைந்து. வாசலில் செருப்பு உதறும் சத்தம் கேட்டது.

சின்னவன் நேராகப் பின்னறைக்குத்தான் வந்தான். அக்காவைப் பார்த்தான், அவள் கையிலிருந்த போனைப் பார்த்தான். திரையைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. கதவை மெல்லச் சாத்தினான்.

“அந்தத் தடையை எடுக்காதக்கா.”

“நீதானா?”

“சொன்னாக் கேளு. எடுக்காத. இன்னைக்கு ஒரு நாள் விட்டுடு.”

“இன்னைக்கு ஒரு நாள் விட்டா ஆறு மாசம்டா! கடிதத்தை நீயும்தானே படிச்சே?”

“ஆறு மாசம் போகட்டும்கறேன்.”

அவளுக்குக் காது இரண்டும் கொதித்தது. “வெளியிலே அம்மா காலையிலேர்ந்து தலை சீவி உட்கார்ந்திருக்கா. உனக்குக் கண்ணு தெரியலை? கடையிலே நாலு பேர் அப்பாவைப் பத்திக் கேக்கறாங்கன்னு உனக்கு வெட்கமா இருந்தா, நீ பேசாதே. எங்களை ஏண்டா கெடுக்கறே?”

“வெட்கமில்லைக்கா.”

“பின்ன என்ன?”

முன்னறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “மணி இருபதாச்சு! என்னடி பண்றே அங்கே? அவன் வந்துட்டானா?”

“வந்துட்டான்மா!” என்று கத்தினாள் பெரியவள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “சொல்லு. இல்லைன்னா எடுக்கறேன்” என்றாள்.

“அப்புறம் சொல்றேன். கால்ல விழட்டுமா?”

“பத்து நிமிஷத்துக்குள்ள உள்ளே போகலைன்னா வரலைன்னு எழுதிடுவாங்க. உன் அப்புறத்துக்கெல்லாம் எனக்கு நேரமில்லை.”

அவன் போனைப் பிடுங்கப் பார்த்தான். அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு, சுவரோடு ஒட்டி நின்று, ‘தடை நீக்கு’ என்பதை அழுத்தினாள். ‘உறுதியா?’ என்று கேட்டது. உறுதி என்றாள். அந்த நேரத்தில் அவளுக்கிருந்த கோபத்துக்கு அது என்ன கேட்டிருந்தாலும் உறுதி என்றுதான் சொல்லியிருப்பாள்.

சின்னவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். “அவர் வரமாட்டார்க்கா” என்றான்.

“யாரு?”

“அப்பா. அவர் வரமாட்டேன்னுட்டார். மூணு வாரத்துக்கு முன்னாடியே. நான் தனியா உட்கார்ந்த ரெண்டாவது ஞாயிறு, காலி நாற்காலியைக் காட்டி சிறை அதிகாரி சொன்னாரு. அம்மாகிட்ட எப்படிச் சொல்றது? நெட்டு வரலைன்னா அவ நெட்டைத் திட்டுவா, என்னைத் திட்டுவா, சாப்பிட்டுட்டுத் தூங்கிடுவா. அவர் வரலைன்னா யாரைத் திட்டுவா, சொல்லு?”

பெரியவள் கையிலிருந்த போனைப் பார்த்தாள். மறுபடி தடையைப் போட்டுவிடலாம், ஒரு விரல் வேலைதான் என்று நினைத்தாள். அதற்குள் முன்னறையில் நாற்காலி தரையில் தேய்ந்தது.

“வந்துருச்சு! அடியே, வந்துருச்சு! சிவப்பு போயிடுச்சு! சீக்கிரம் வாங்க ரெண்டு பேரும், எதை அமுக்கணும்?”

*

பதினொன்று இருபத்தெட்டுக்குத் திரை திறந்தது. பச்சை வண்ணம் பூசிய சுவர், ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் யாரும் இல்லை. பக்கத்தில் சீருடை போட்ட நடுவயது அதிகாரி ஒருவர் அட்டையில் காகிதங்களைச் செருகிக்கொண்டு நின்றிருந்தார்.

அம்மா முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோனாள். “வணக்கம் சார். இங்க நெட்டு ரொம்பப் படுத்திருச்சு. அவரு வந்துட்டிருக்காரா?”

அதிகாரி காகிதத்தைப் பார்த்தார். “அம்மா, உங்க வீட்ல சொல்லலையா? உங்க பையன்கிட்ட அப்பவே சொன்னேனே.”

அம்மா திரும்பவில்லை. “என்ன சொன்னீங்க?” என்று அதிகாரியையே கேட்டாள்.

“அவர் வர மறுக்கறாரும்மா. நாங்க ஒவ்வொரு வாரமும் போய்க் கூப்பிடறோம். மறுப்புப் படிவத்துல கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடறாரு. இன்னைக்கும் கொடுத்துட்டாரு.”

அம்மா தலைமுடியை ஒருமுறை தடவிக்கொண்டாள். காலையில் அவ்வளவு பாடுபட்டுச் சீவிய தலை அது. பெரியவளுக்கு அந்தப் பெட்டியையும் தன் பட்டியலையும் தன் கெட்டிக்காரத்தனத்தையும் சேர்த்துத் தூக்கிப் போட்டு உடைக்க வேண்டும் போல இருந்தது. கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்து அம்மாவுக்கு அவள் கொண்டுவந்து கொடுத்தது இதைத்தான்.

ஏதாவது பேசியாக வேண்டுமே என்று, “நாங்க வந்ததாக் குறிச்சுக்குவீங்களா சார்?” என்று கேட்டாள்.

“குறிச்சாச்சு. நீங்க வந்துட்டீங்க, அதனால அனுமதி ரத்தாகாது. அவர் வராததுக்கு எங்க சட்டத்துல ஒண்ணும் சொல்லலை.”

“காரணம் ஏதாவது எழுதியிருக்காரா?” என்றாள் அம்மா.

“அதுக்கு ஒரு கட்டம் இருக்கும்மா.”

“படிங்க.”

அதிகாரி படிவத்தைத் திருப்பினார். சின்னவன் கதவோரம் வந்து நின்றிருந்தான். உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை.

“ஒரே வரிதான். ‘ஞாயிற்றுக்கிழமையாவது அவர்கள் நிம்மதியாக இருக்கட்டும்.’”

“காட்டுங்க.”

அவர் காகிதத்தைக் கேமரா அருகே பிடித்தார். வலது பக்கம் சாய்ந்து விழும் கையெழுத்து. நீதிமன்றத்தில் இதே கையெழுத்தைப் பெரிதாக்கிப் பத்துத் தடவை காட்டியிருந்தார்கள். யாராலும் தப்பாக அடையாளம் சொல்ல முடியாது.

“இதையாவது படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டாரா?” என்றாள் அம்மா.

அதிகாரி காகிதத்தை அட்டையில் செருகினார். “முடிச்சுக்கலாமாம்மா?” என்றார்.

“எனக்கு இன்னும் எத்தனை நிமிஷம் இருக்கு?”

“எட்டு நிமிஷம்.”

“அப்ப இருக்கட்டும். அந்த நாற்காலியைக் கொஞ்சம் நேராப் போடுங்க சார், இந்தப் பக்கம் பார்த்த மாதிரி.”

அதிகாரி இதற்குச் சட்டம் உண்டா இல்லையா என்று ஒரு நொடி யோசித்திருப்பார். பிறகு குனிந்து நாற்காலியை நேராக்கினார்.

“ஏங்க,” என்று ஆரம்பித்தாள் அம்மா, நாற்காலியைப் பார்த்து. “நிம்மதியா? யாரைக் கேட்டுக்கிட்டு எங்களுக்கு நிம்மதி குடுக்கறீங்க? வாரத்துல ஆறு நாள் ஊர்ப்பட்ட நோயாளிங்க படுத்த துணியை வெளுக்கறேன். முட்டி ரெண்டும் விட்டுப் போச்சு. பேச்சுத் துணைக்கு அந்த மெஷினைத் தவிர ஒரு நாதி கிடையாது. ஞாயித்துக்கிழமை உங்க மூஞ்சியைப் பார்த்து நாலு வார்த்தை திட்டினாத்தான் எனக்குத் திங்கக்கிழமை எழுந்திருக்கவே தெம்பு வருது. அதையும் பிடுங்கிக்கிட்டா நான் யாரைப் போய்த் திட்டறது?”

“அம்மா...” என்றாள் பெரியவள்.

“நீ சும்மா இரு. இது எனக்கும் அவருக்கும்.” அம்மா தன் நாற்காலியைத் திரைக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். “செத்தவங்களை நினைச்சு நீங்க தூங்கறதில்லைன்னு எனக்குத் தெரியும். நான் மட்டும் தூங்கறேனா? அந்த ரெண்டு வீட்டு வாசல்லயும் போய் நின்னு, அவங்க விரட்டினாலும் நின்னு, கும்பிட்டுட்டு வந்தவ நான். நீங்க உள்ளே சுவத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தா எல்லாம் சரியாப் போச்சா? உங்களுக்கு நீங்களே தண்டனை கூட்டிக்கணும்னா கூட்டிக்குங்க. எனக்குச் சேர்த்துப் போடாதீங்க.”

அதிகாரி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்திருந்தார். அட்டையில் என்னவோ எழுதிக்கொண்டே வந்தார்.

“நீங்க எழுதறீங்களா சார்?”

“அவர்கிட்ட சொல்லட்டுமாம்மா?”

“ஒரு வார்த்தை விடாமச் சொல்லுங்க. குழாய் மறுபடி ஒழுகுது. உங்க பொண்ணு கறுத்துப் போயிட்டா, சரியாவே சாப்பிடறதில்லை. பையன் பேசறதே இல்லை. இதெல்லாம் நான் யார்கிட்ட சொல்ல? அடுத்த ஞாயிறு நான் லீவு போட்டுட்டு வந்து உட்காருவேன். நீங்க வரலைன்னா இதே நாற்காலியைத் திட்டுவேன். அதுக்கு அடுத்த ஞாயிறும் திட்டுவேன். வெட்கமா இருந்தா முகத்தைத் திருப்பிக்கிட்டு உட்காருங்க, எனக்கு முதுகு போதும். ஆனா வந்து உட்கா...”

திரை கறுத்தது.

“ஐயையோ, மறுபடி நெட்டு போயிடுச்சா?” அம்மா பதறிப்போய்த் திரையைத் தட்டினாள். “என்னன்னு பாருடி!”

“நெட்டு போகலைம்மா. நேரம் முடிஞ்சு போச்சு.”

அம்மா கையை எடுத்தாள். கொஞ்ச நேரம் கறுப்புத் திரையில் தெரிந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று பெரியவள் எதிர்பார்த்துப் பக்கத்தில் போய் நின்றாள். அம்மா அழவில்லை.

“இருபத்தெட்டு வருஷம் அந்த மனுஷனோட குடித்தனம் பண்ணியிருக்கேன்,” என்றாள் மெதுவாக. “பசிக்குதும்பாரு, வலிக்குதும்பாரு, தூக்கம் வருதும்பாரு. நிம்மதிங்கிற வார்த்தை ஒரு நாளும் அவர் வாயிலேர்ந்து நான் கேட்டதில்லை. அது அவர் பேச்சே இல்லை.”

அப்போதுதான் அவள் நாற்காலியோடு திரும்பிக் கதவோரம் பார்த்தாள்.

“கடைசியா அவர்கூடப் பேசினது நீதான். நீ மட்டும்தான். அன்னைக்கு அவர்கிட்ட என்னடா சொன்னே?”

பெரியவள் தம்பியைப் பார்த்தாள். பின்னறையில் அவன் சொன்னதையெல்லாம் நம்பி, அவன்மேல் பாவப்பட்டு, தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள் அவள். இப்போது அவன் முகத்தில் இருந்தது அம்மாவைக் காப்பாற்றியவனின் முகமாக இல்லை.

அவன் கதவுச் சட்டத்தைப் பிடித்தபடியே மெல்லத் தரையில் உட்கார்ந்தான்.

“அந்த வார்த்தையை நான் கோபத்துல ஒரே ஒரு தடவைதான்மா சொன்னேன்,” என்றான்.